இரண்டு அங்குலம் இறக்கு

“கேட்டைத் தாண்டாம அது எப்படிய்யா…”

“தாண்டலைன்னுதானே சார் நானும் நாலு நாளா…”

“பதினெட்டு அடி நீளக் காரு! முத்து வெள்ளை! பின்னாடி மீனுக்கு இருக்கற மாதிரி ரெண்டு துடுப்பு…”

“எனக்குத் தெரியாதா சார்? அதை நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினப்ப கேட்டைத் திறந்துவிட்டதே நான்தான்…”

“பாத்தீங்களா! திறந்துவிட்டேன்னு அவனே ஒத்துக்கிட்டான்!”

“அது ஜனவரில சார்!”

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் வாண்டா கோசெக், தன் முதலாளி, துப்பறிவாளர் எம்மெட் ரூக்கின் காதருகே குனிந்தாள்.

“பாஸ், நாம வந்து இருபது நிமிஷம் ஆச்சு. இவங்க ரெண்டு பேருக்கும் நம்ம தேவையே இல்ல போல இருக்கே. கிளம்பிடலாமா?”

“கூலி ஒரு நாளைக்கு முப்பது டாலர்” என்றார் ரூக்.

“அப்ப இன்னும் கொஞ்சம் சண்டை போடட்டும்.”

கத்திக்கொண்டிருந்தவர் வெண்டோவர் மோட்டார் கம்பெனியின் வடிவமைப்புத் துறைத் துணைத் தலைவர் வான் ஹோர்ன். டெட்ராய்ட்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவரைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆறடி நாலங்குல உயரம், வெளிர் நீல நிறத்தில் கோட்டு, அதே நிறத்தில் காலணி. எதிரே தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி நின்றவர் நாலாவது கேட்டின் காவலர் ஓர்வில் டாகெட். அதே கேட்டில் இருபத்தாறு வருடம். பென்ஷனுக்கு இன்னும் நாலு மாதம்.

“கடைசியாச் சொல்றேன்” என்று வான் ஹோர்ன் மேஜை மேலிருந்த ஒரு தாளை டாகெட்டின் பக்கம் தள்ளினார். “வெள்ளிக்கிழமை உன் கவனக்குறைவால கார் உன் கேட்டு வழியா வெளிய போயிடுச்சுன்னு இதுல இருக்கு. கையெழுத்துப் போட்டா சத்தம் இல்லாம வீட்டுக்குப் போகலாம். போடலைன்னா, திருடனுக்கு உடந்தைன்னு போலீசைக் கூப்பிடுவேன்.”

“போட்டா பென்ஷன் சார்?”

“வேலை போனவனுக்கு ஏதுய்யா பென்ஷன்? நாலு மணிக்குக் கையெழுத்தோட வந்து நிக்கணும். நான் எங்க இருந்தாலும் சரி.”

டாகெட் தாளை எடுத்து, நாலாக மடிக்கப்போய், மடித்தால் கசங்குமே என்று நினைத்தவர்போல அப்படியே பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

மணி ஒன்று பத்து.

“காரைக் கண்டுபிடிச்சுட்டா அவருக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?” என்று வாண்டா கேட்டாள்.

“அது கேட்டைத் தாண்டலைன்னு நீங்க காட்டினா கிடைக்கும். தாண்டாம எங்க போகும்? அதனால கிடைக்காது.”

ரூக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். காப்பீட்டுக் கம்பெனியில் பதினெட்டு வருடம் எரியாத வீடுகளையும் சாகாத கணவர்களையும் தேடியவர். எதைக் கேட்டாலும் மாவு விலை கேட்பதுபோலத்தான் கேட்பார்.

“அந்தக் கார் காணாமப் போகலைன்னா திங்கக்கிழமை என்ன ஆகியிருக்கும்?”

“வெட்டியிருப்போம்.”

“எதை?”

“காரை. அல்டமீராவை. ஆக்சிஜன் டார்ச் வெச்சுத் துண்டு போட்டு, பழைய இரும்புக்குப் போயிருக்கும்.”

வாண்டாவின் பென்சில் நின்றது. “சார், நான் சரியா எழுதிக்கிறேன். உடைக்கிறதுக்கு வெச்சிருந்த ஒரு காரை, நீங்க உடைக்கிறதுக்குள்ள ஒருத்தன் திருடிட்டான். இப்ப அதைத் தேடிக் கண்டுபிடிச்சு…”

“உடைக்கணும்.”

“திருடனுக்கு நன்றிக் கடிதம் எழுதினா போதாதா?”

வான் ஹோர்ன் அவளை, தவறான நிறத்தில் வந்த சாம்பிளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இங்க பாரும்மா. அது கண்காட்சிக் கார். எதிர்காலத்துல கார் எப்படி இருக்கும்னு ஜனங்களுக்குக் காட்ட வருஷத்துக்கு ஒண்ணு கட்டுவோம். கையால அடிச்ச தகட்டு உடம்பு, மேல ஒரே கண்ணாடிக் குமிழ், பின்பக்கம் பாக்கப் பெரிஸ்கோப், சுத்தற சீட்டு. மேடை மேல சுழலும், பக்கத்துல ஒரு பொண்ணு கை காட்டுவா. அவ்வளவுதான் அதோட வேலை. பிரேக்கே கிடையாது. எவனாவது அதை உட்வர்ட் அவென்யூவுல ஓட்டி யாரையாவது கொன்னா, எங்க கம்பெனி பேரு அதுல நாலு இடத்துல பளபளன்னு இருக்கு.”

“அதுக்காகவா வெட்டறீங்க?”

“இன்னொண்ணும் இருக்கு. அடுத்த ஜனவரிக்குப் புது எதிர்காலம் தயார். போன வருஷத்து எதிர்காலம் ஊருக்குள்ள சுத்திக்கிட்டிருந்தா எங்களுக்குத்தான் அசிங்கம்.”

“போலீசுக்கு ஏன் போகலை?” என்றார் ரூக்.

“பத்திரிகைக்காரங்க.”

“சேர்மனுக்குத் தெரியுமா?”

“அவருக்கு ஆயிரம் வேலை” என்று வான் ஹோர்ன் எழுந்துவிட்டார். “வாங்க, இடத்தைக் காட்டறேன்.”

ரூக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். கேட்டதற்குப் பதில் வராதபோதெல்லாம் அவர் தொப்பியை வைத்துக்கொள்வார் என்பது வாண்டாவுக்குத் தெரியும். பென்சிலால் தாளில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

கட்டடத்தின் நடுவில் நீண்ட தாழ்வாரம். இரண்டு பக்கமும் ஏழு கூடங்கள், ஏழு பூட்டுகள். ஒரு கூடத்தில் வேலை செய்பவன் அடுத்த கூடத்தில் கால் வைக்க முடியாது. யார் என்ன செய்கிறான் என்பது வான் ஹோர்னுக்கு மட்டும்தான் தெரியும்.

“ஒருத்தன் யோசனையை ஒருத்தன் திருடக்கூடாது. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு” என்றார் வான் ஹோர்ன்.

“காரைத் திருடினா பரவாயில்லையா?” என்றாள் வாண்டா. பதில் வருவதற்குள் பின்னாலிருந்து இரும்பு கிறீச்சிடும் சத்தம்.

“வழி விடும்மா! மூணு டன்! நிறுத்தச் சொன்னா நிக்காது!”

வாண்டா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆறு பேர் முகம் சிவக்கத் தள்ள, பழுப்புக் களிமண்ணால் செய்த ஒரு முழு அளவுக் கார் தாழ்வாரத்தில் ஊர்ந்து வந்தது. வெண்டோவரில் எந்தக் காரும் முதலில் இப்படித்தான் பிறக்கும். மரக்கூடு கட்டி, அதன்மேல் சூடான களிமண்ணை அப்பி, சீவிச் சீவி உருவம் கொண்டுவருவார்கள்.

“என்னது, சக்கரமே சுத்தல?” என்று கடைசியில் தள்ளிக்கொண்டிருந்தவனை வாண்டா கேட்டாள்.

“அது சும்மா அழகுக்கு மாட்டினது. தரையைத் தொடவே தொடாது. அடில சின்னச் சின்ன இரும்பு உருளை இருக்கு பாரு, அதுதான் உருளும். உருளாது. நாங்க உருட்டுவோம்.”

வான் ஹோர்ன் ஒரு விரலைத் தூக்கினார். ஆறு பேரும் நின்றார்கள். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, களிமண் காரைப் பார்த்தார்.

“கூரையை ரெண்டு இஞ்ச் இறக்கு.”

“சரிங்க சார்” என்றார்கள் ஆறு பேரும். யாருக்கும் முகம் மாறவில்லை. அவர் முன்னே நடந்ததும் அதே ஆள் வாண்டாவிடம் தணிந்த குரலில் சொன்னான். “பத்தொம்பது வருஷமா எதைப் பாத்தாலும் ரெண்டு இஞ்ச் இறக்குன்னுதான் சொல்வாரு. அதனால நாங்க ரெண்டு இஞ்ச் கூட வெச்சே கட்டிடுவோம். அவருக்கும் திருப்தி, எங்களுக்கும் வேலை மிச்சம்.”

கண்காட்சிக் கார்களை வைக்கும் அறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. நடுவில் வெறுமை. ஓரத்தில் ஒரு முக்காலி. முக்காலியின் மேல் காரை மூடியிருந்த வெள்ளைத் துணி, மூலைக்கு மூலை சேர்த்து, சுருக்கம் இல்லாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“வெள்ளி சாயங்காலம் இருந்துச்சு. திங்கள் காலைல இல்ல” என்றார் வான் ஹோர்ன்.

“இதை மடிச்சது யாரு?”

“எவனோ. துணியா முக்கியம்?”

ரூக் துணியை மூக்கருகே கொண்டுபோய்விட்டு வாண்டாவிடம் நீட்டினார். வாண்டா முகர்ந்தாள்.

“தீக்குச்சி கிழிச்ச வாசனை.”

“இந்த அறையில தீக்குச்சி கிழிச்சா அன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சுடும்” என்றார் வான் ஹோர்ன். “எனக்கு மூணே முக்காலுக்குச் சேர்மனும் டைரக்டர்களும் வர்றாங்க. புது ஸ்டேஷன் வேகனைக் காட்டணும். நீங்க தேடுங்க. ஊருக்கு வெளிய பாருங்க. கொட்டகை, கிடங்கு, அந்த மாதிரி இடம்.”

அவர் போனதும் ரூக் ஊருக்கு வெளியே போகவில்லை. கட்டடத்தின் பின்புறம், மாடல் கார்களைப் பார்வையிடுவதற்கான, உயர்ந்த சுவர் சூழ்ந்த முற்றத்துக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நவம்பர் குளிர். வாண்டா, ஹாம்ட்ராமிக்கில் தன் தெருமுனை பேக்கரியில் காலையில் வாங்கிய ஜாம் பன் இரண்டைக் காகிதப் பையிலிருந்து எடுத்தாள்.

“ஒண்ணு உங்களுக்கு. சர்க்கரையைக் கோட்டுல கொட்டிக்காதீங்க.”

“திருடன் என்ன மாதிரி ஆளுன்னு நினைக்கிற?”

“துணி மடிக்கிறதைப் பாத்தா கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி ஆளு.”

“திருட வந்தவன் துணியைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடுவான். இவன் மடிச்சிருக்கான். காருக்குத் தூசி படக்கூடாதுன்னு நினைக்கிறவன். அதை மேய்ச்சவன், இல்ல பெத்தவன்.”

“சரி. பெத்தவன் கேட்டைத் தாண்டி எப்படிப் போனான்?”

“டாகெட் தாண்டலைங்கறாரு.”

“எல்லாக் காவல்காரங்களும் அதைத்தான் சொல்வாங்க.”

“இருபத்தாறு வருஷமா ஒரே கேட்டுல நின்ன ஆளு. பொய் சொல்றவனா இருந்தா இதுக்குள்ள மேல போயிருப்பான்.”

வாண்டா சிரித்து, பன்னைக் கடித்தாள். முற்றத்தின் அகலமான கதவு திறந்தது. இரண்டு பேர் ஒரு ஸ்டேஷன் வேகனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். களிமண்தான். ஆனால் சேர்மன் பார்க்கப்போகிறாரே என்று வண்ணம் பூசிய மெல்லிய தாளை மேலே இழுத்து ஒட்டியிருந்தார்கள். பச்சையும் பால் நிறமும், அசல் வண்டியே தோற்றது. தள்ளியவர்களில் ஒருவன் ஒரு கையால் தள்ளி, மறு கையால் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். பின்னால், மண் ஒட்டிய ஏப்ரனோடு ஒரு முதியவர், வண்டியின் கூரை மேல் கை வைத்தபடியே நடந்து வந்தார்.

ரூக் மெல்லுவதை நிறுத்தினார்.

“வாண்டா, அந்த வண்டில என்ன தப்பு?”

“ஸ்டேஷன் வேகன். அதுவே தப்புதான். அஞ்சு பிள்ளை, ரெண்டு நாய், ஒரு மாமியார் இருக்கறவன் வாங்கறது.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல பாஸ். அழகாத்தான் இருக்கு. சத்தமில்லாம, அதுபாட்டுக்கு உருண்டு…”

அவள் வாயில் பன் அப்படியே நின்றது.

“எது உருளுது?” என்றார் ரூக்.

“சக்கரம்.”

“ம்.”

“சக்கரம் சுத்துது பாஸ்!”

“மெதுவாப் பேசு. இந்த ஊர்ல சக்கரம் சுத்தறதைப் பாத்துக் கத்தற ஒரே பொண்ணு நீதான்.”

“மூணு டன் மண்ணை ஆறு பேர் மூச்சுத் திணறத் தள்ளினாங்க. இதை ஒருத்தன் ஆப்பிள் தின்னுக்கிட்டே தள்றான். அப்படின்னா இதுக்கு உள்ள மரக்கூடு இல்ல. உள்ள…” அவள் குரலை விழுங்கிக்கொண்டாள். “அடப்பாவி. மண்ணுக்குள்ள கார்.”

“அந்த மண்ணுல கந்தகம் உண்டு. சூடு பண்ணினா தீக்குச்சி வாசனை வரும். துணியை மடிச்ச கையில அதுதான் ஒட்டியிருந்துச்சு.”

“வேகன் கூடத்துல இருக்கிறதை அடுத்த கூடத்துக்காரன் பாக்கவே முடியாது. உள்ள எது இருந்தாலும் கேக்க ஆளில்ல. ஏழு பூட்டுப் போட்டு, வான் ஹோர்ன் சாரே ஒளிச்சு வெச்சுக் குடுத்திருக்காரு.”

ரூக் எழுந்தார். மணி மூன்று ஐந்து.

முதியவரின் பெயர் ரொவாட்டி. ஏப்ரன் பையில் பெயர் தைத்திருந்தது. ஆப்பிள்காரனையும் மற்றவனையும் உள்ளே அனுப்பிவிட்டு, வேகனின் முன் விளக்கை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“சக்கரம் சுத்தாம இருக்க ஒரு கட்டை வெச்சிருக்கலாம்” என்றார் ரூக்.

ரொவாட்டியின் விரல் நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வெச்சேன். வாசப்படி ஏறும்போது ஒடிஞ்சுடுச்சு. பாக்கற கண்ணு இங்க யாருக்கு இருக்குன்னு விட்டுட்டேன். நீங்க யாரு?”

“காணாமப் போன காரைத் தேட வந்தவங்க.”

“தேடி?”

“வெட்டறதுக்கு” என்றாள் வாண்டா. சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

“பொண்ணே, நான் கல்லறைக்குத் தேவதை செதுக்கிட்டிருந்த ஆளு. கம்பெனிக்காரங்க வந்து, சம்பளம் ரெட்டிப்பு, சாவு கிடையாதுன்னு கூட்டிட்டு வந்தாங்க. மூணு வருஷம் முன்ன, நான் செஞ்ச ஒண்ணைக் கொண்டுபோய் வெட்டினாங்க. போய்ப் பாத்தேன். வெட்டறவன் நல்லவன்தான். வெயில் படுதுன்னு எனக்கு ஸ்டூல் போட்டுக் குடுத்தான்.” அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். “இதுக்குப் பதினோரு மாசம். அந்த முத்து வெள்ளை, மீன் செதிலை அரைச்சுக் கலந்தது, பதினாலு பூச்சு. உள்ள மெழுகுத்தாள் சுத்தித்தான் மண்ணை அப்பியிருக்கேன். ஒரு கீறல் கிடையாது.”

“அப்புறம் என்ன திட்டம்?”

“இந்த வேகன் இன்னிக்குப் பாத்துட்டு ஒதுக்கிடுவாங்க. ஸ்டேஷன் வேகனை யாரு ரெண்டாவது தடவை பாப்பா? சனிக்கிழமை கழிவு மண்ணோட லாரில ஏத்தினா எவனும் எட்டிப் பாக்கமாட்டான். இப்சிலாண்டில என் மச்சானுக்கு ஒரு கொட்டகை இருக்கு.”

“நாலு மணிக்கு ஓர்வில் டாகெட்டுக்கு வேலை போகுது” என்றார் ரூக்.

“யாரு?”

“நாலாம் கேட்டு.”

“காலைல தொப்பியைத் தூக்குவாரே, அவரா? அவருக்கு ஏன்?”

“கார் அவர் கேட்டு வழியாப் போயிடுச்சாம். கையெழுத்துப் போட்டா பென்ஷன் போச்சு. போடலைன்னா ஜெயில்.”

“அது எப்படி!” ரொவாட்டிக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “கேட்டைத் தாண்டவே இல்லையே! யாருக்கும் கெடுதல் வரக்கூடாதுன்னுதானே உள்ளேயே வெச்சேன்! தாண்டாத காருக்குக் கேட்டுக்காரனை எப்படிப் பிடிப்பாங்க?”

“உங்களை மாதிரி யோசிச்சிருந்தா பிடிச்சிருக்கமாட்டாங்க” என்றாள் வாண்டா.

ரொவாட்டி வேகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க போய்ச் சொல்லப்போறீங்க.”

“நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கறப்ப சொல்லுவேன்” என்றார் ரூக். “அதுவரைக்கும் என் வாய் திறக்காது. நான் சொன்னா நீங்க திருடன். நீங்களே சொன்னா…”

“அப்பவும் திருடன்தான்.”

“ஆமா. ஆனா ரெண்டும் ஒண்ணில்ல.”

திரும்பி நடக்கும்போது வாண்டா பொறுக்கமுடியாமல் கேட்டாள்.

“பாஸ், இப்பவே போய்ச் சொன்னா டாகெட்டுக்கு ஒரு மணி நேரம் நிம்மதி. எதுக்கு அந்தக் கிழவருக்குத் தவணை?”

“மீன் செதில் பதினாலு பூச்சு” என்றார் ரூக்.

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“தெரியலை.”

வாண்டா அவரைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. கேலி செய்ய ஏதோ வாய்வரை வந்தது. விட்டுவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு டைரக்டர்கள் ஐந்து பேர் கனத்த கோட்டுகளோடு முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். நடுவில் சேர்மன் ஃபெல்ப்ஸ், எழுபது வயது, குட்டையான மனிதர். குளிர் அவருக்குப் பிடிக்கவில்லை. வேகனும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. வான் ஹோர்ன் அமெரிக்கக் குடும்பம் என்பதைப் பற்றி ஆறு நிமிடம் பேசினார். ரூக்கும் வாண்டாவும் சுவரோரம் நின்றார்கள்.

பேச்சு முடிந்து வான் ஹோர்ன் ஒரு விரலைத் தூக்கினார். தலை சாய்ந்தது. ஒரு கண் மூடியது.

“கூரையை ரெண்டு இஞ்ச் இறக்கு.”

டைரக்டர்கள் தலையாட்டினார்கள். இதைப் பார்க்கத்தான் வருவார்கள். முழுக் கூரையையும் அங்கேயே சீவ முடியாது. இறக்கினால் எப்படி இருக்கும் என்று காட்ட, நடுவில் இரண்டு கை அகலத்துக்குச் சீவிக் காட்டுவது வழக்கம்.

ரொவாட்டி ஒரு பெட்டி மேல் ஏறினார். வண்ணத்தாளைக் கீறி உரித்தார். இரும்புச் சீவுளியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். குளிரில் இறுகிய மண் சுருள் சுருளாக வந்தது.

“பாஸ்” என்று வாண்டா பல்லைக் கடித்தபடி கேட்டாள். “இப்ப உள்ள இருக்கறது தெரிஞ்சுடாது?”

“எப்பவும் ரெண்டு இஞ்ச் கூட வெச்சுத்தான் கட்டுவாங்க. இவர் அதுக்கு மேல அரை இஞ்ச் வெச்சிருப்பாரு. பிழைச்சுடுவாரு.”

அப்படியே ஆயிற்று. ரொவாட்டி அளவுகோலை வைத்துக் காட்டினார். சரியாக இரண்டு அங்குலம். அடியில் பழுப்பு மண்தான் தெரிந்தது.

“பாத்தீங்களா! உயிர் வந்துடுச்சு!” என்றார் வான் ஹோர்ன்.

“நல்லாருக்கு” என்றார் சேர்மன். “உள்ள போலாமா? காது விறைக்குது.”

அப்போது முற்றத்துக் கதவருகே டாகெட் வந்து நின்றார். சீருடைப் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தது. கக்கத்தில் தொப்பி. வலது கையில் மடிக்காத தாள். நேரத்துக்கு வந்து பழகியவர், மூன்று நிமிடம் முன்னாலேயே வந்திருந்தார். வான் ஹோர்ன் கண்ணாலேயே, அங்கேயே நில் என்றார். டாகெட் நின்றார். பெட்டி மேல் நின்ற ரொவாட்டியைப் பார்த்து, பழக்க தோஷத்தில், கக்கத்துத் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தினார்.

ரூக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு அடி முன்னே வைத்தார்.

“சார்” என்றார் ரொவாட்டி.

வான் ஹோர்ன் திரும்பினார். “என்ன?”

“மூணு இஞ்ச் இறக்கினா இன்னும் நல்லாருக்கும்.”

பத்தொன்பது வருடத்தில் வான் ஹோர்னிடம் எவனும் கேட்டு வாங்கி இறக்கியதில்லை. அவர் முகம் மலர்ந்தது. சேர்மனின் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

“கேட்டீங்களா? இவங்கதான் என் ஆளுங்க! மூணு! இறக்குய்யா, இறக்கு!”

ரொவாட்டி சீவுளியை வைத்தார். உடனே இழுக்கவில்லை. ஏப்ரன் முனையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், அந்தக் குளிரில். பிறகு இழுத்தார்.

முதலில் மண் வந்தது. பிறகு மெழுகுத்தாள் கிழிந்தது. பிறகு ஜன்னல் கண்ணாடியில் ஆணி இழுத்தாற்போல ஒரு சத்தம். டைரக்டர்களில் ஒருவர் காதைப் பொத்தினார். ரொவாட்டி கண்ணை மூடிக்கொண்டே கடைசிவரை இழுத்து முடித்தார். சீவுளியைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றார்.

சேர்மன் அந்தப் பெட்டியின் மேல் ஏறினார். கையுறையால் துடைத்து உள்ளே பார்த்தார்.

“உள்ள ஒரு சீட்டு இருக்கு.”

“அது கூடு சார். மண்ணுக்கு உள்கூடு” என்றார் வான் ஹோர்ன். அவர் குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

“சிவப்புத் தோல் வெச்சுத் தெச்சிருக்கு.”

“வசதியான கூடு” என்றாள் வாண்டா.

சேர்மன் அவள் பக்கம் திரும்பினார். “நீங்கல்லாம் யாரும்மா?”

“துப்பறியறவங்க” என்றார் ரூக். “அல்டமீரா எந்தக் கேட்டு வழியா வெளிய போச்சுன்னு கண்டுபிடிக்க மிஸ்டர் வான் ஹோர்ன் எங்களை வெச்சாரு. எந்தக் கேட்டு வழியாவும் போகலை. எங்க வேலை முடிஞ்சுது.”

“நான் மறைச்சேன்” என்றார் ரொவாட்டி. “கேட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. பசங்க ரெண்டு பேரும் நான் சொன்னதைச் செஞ்சாங்க.”

“அல்டமீராவைத் தேடவா ஆள் வெச்சீங்க?” என்று சேர்மன் வான் ஹோர்னைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கு உதைத்தால் வரும் குழப்பம்தான் இருந்தது. “எதுக்குத் தேடணும்?”

வான் ஹோர்ன் தன் நீலக் காலணியைப் பார்த்தார். வாண்டா ரூக்கைப் பார்த்தாள். ரூக் தொப்பியை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

சேர்மன் பெட்டியிலிருந்து இறங்காமலே டாகெட்டின் பக்கம் கையை நீட்டினார். “அந்தத் தாளைக் குடுங்க.”

டாகெட் முற்றத்தைக் கடந்து வந்து கொடுத்தார். “இன்னும் கையெழுத்துப் போடலைங்க. பேனா இல்ல.”

சேர்மன் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

“உங்க கேட்டுல இப்ப யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லைங்க.”

“அப்ப போங்க. ஆள் இல்லாம இருக்கக் கூடாது.”

டாகெட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடாமல், ஆனால் நடப்பதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனார். அவர் போகும்வரை சேர்மன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறையைக் கழற்றி, மண்ணுக்கு நடுவே தெரிந்த கண்ணாடிக் குமிழின் மேல் வெறும் உள்ளங்கையை வைத்தார்.

“இந்தப் பேப்பர்ல வெள்ளிக்கிழமை கேட்டைத் தாண்டிப் போயிடுச்சுன்னு இருக்கு. செவ்வாய்க்கிழமை நீங்க கையெழுத்துப் போட்டு என் மேஜைக்கு அனுப்பினதுல, திங்களன்னிக்குப் பதினோரு துண்டா வெட்டியாச்சுன்னு இருக்கு. அப்ப என் கைக்கு அடியில இருக்கறது என்ன, வான் ஹோர்ன்?”